மீதி ஒன்று

தொண்ணூற்றொன்று. செல்போன் கம்பெனிக் கடை வாசலில் இருந்த இயந்திரம் நாக்கை நீட்டுவதுபோல ஒரு சீட்டை நீட்டியது, அதில் தொண்ணூற்றொன்று என்று அச்சாகியிருந்தது. பார்வைக்குப் பகா எண் மாதிரி இருக்கும். இரண்டாம் வருட மாணவிகளே ஏமாறுவார்கள். ஏழு பதிமூன்று தொண்ணூற்றொன்று. நூற்றுக்குள் பகா எண் வேஷம் போடுகிறவர்களில் இவன்தான் கெட்டிக்காரன். ஐம்பத்தொன்றும் எண்பத்தேழும் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தால் மூன்றிடம் மாட்டிக்கொள்ளும், இவன் மாட்டமாட்டான். சுவரில் தொங்கிய திரையில் எழுபத்து நான்கு ஓடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தேன். நாற்காலிகள் ஒன்றோடொன்று கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கின்றன, கோடியில் ஒருவர் காலை ஆட்டினால் இந்தக் கோடியில் எனக்கு ஆடுகிறது. குளிர்சாதனத்திலிருந்து நீர் சொட்டுகிறது, கீழே ஒரு வாளி வைத்திருக்கிறார்கள், வாளியில் யாரோ ஒரு தேநீர்க் கோப்பையைப் போட்டிருக்கிறார்கள். கைப்பைக்குள் அவருடைய, என் வீட்டுக்காரருடைய, போன் இருக்கிறது. அதை நான் எடுக்கவில்லை, ஆனால் இருக்கிறது என்பது விரலுக்குத் தெரிகிறது, பல்லில் ஏதோ மாட்டிக்கொண்டால் நாக்குக்குத் தெரிவதுபோல. கம்பெனிக்காரர்கள் செய்தி அனுப்பியிருந்தார்கள்: இந்த எண்ணின் உரிமையாளர் இறந்துவிட்டதாகத் தெரியவருகிறது, இன்று மாலைக்குள் வாரிசு வந்து பெயர் மாற்றிக்கொள்ளலாம், இல்லையென்றால் எண் திரும்பப் பெறப்பட்டு வேறொருவருக்குத் தரப்படும். திரும்பப் பெறப்படும் என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது. அவரைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள், கொஞ்சம் வேறு வார்த்தைகளில்.

என் மகள் வடிவு பெங்களூரிலிருந்து காலையில் பேசினாள். குடுத்துரும்மா, என்றாள். கடன் வேணுமா, கடன் வேணுமா என்று அந்த நம்பருக்குத்தான் ஆள் மாற்றி ஆள் கூப்பிடுகிறான், நீ எடுப்பதும் இல்லை, மாசாமாசம் ரீசார்ஜ் வேறு, அது வெறும் நம்பர்தானேம்மா. வெறும் நம்பர். இரண்டு கணக்கு ஆசிரியர்களுக்குப் பிறந்த பெண். ஆடிட்டராக இருக்கிறாள், எண்களோடுதான் பிழைப்பு, ஆனால் சமையல்காரருக்கு எப்படிக் கத்தரிக்காயில் வியப்பு இருக்காதோ அப்படி. ம் என்றேன். அவர் போன பிறகு நான் பேசுவதில் பெரும்பகுதி ம் தான். துக்கம் கேட்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கணக்கு டீச்சர்லா, கல்லு, என்று அடுப்படியில் பேசிக்கொண்டார்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். கல் என்பது சரியில்லை. கல்லைத் தட்டினால் சத்தம் வரும். வெயிலில் காயப்போட்டு மழையில் நனைந்து மறுபடி காய்ந்த துணி ஒரு மாதிரி விறைத்து நிற்குமே, அப்படி என்று சொல்லலாம், ஆனால் யாரும் என்னைக் கேட்கவில்லை. இந்த எண்ணை வைத்துக்கொள்வதா விடுவதா என்பது மட்டும் இன்று தெரிந்தாக வேண்டும், சாயங்காலம் கடை அடைப்பதற்குள். அதைத் தவிர வேறு எதுவும் என்னிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை. எழுபத்தைந்து.

எண்ணை முழுதாகச் சொல்லமாட்டேன். சொன்னால் யாராவது அழைத்துப் பார்ப்பார்கள், மனித சுபாவம். பத்து இலக்கம், ஒன்பதில் தொடங்கும், முன்னூற்று ஒன்பதில் முடியும், அவ்வளவு போதும். எல்லோரும் போன் நம்பரை இலக்கம் இலக்கமாக ஒப்பிப்பார்கள். அவர் மட்டும் அதை ஓர் அளவாகப் படிப்பார்: தொள்ளாயிரத்துச் சொச்சம் கோடியே, என்று ஆரம்பித்து, முன்னூற்று ஒன்பது என்று இறங்கி முடிப்பார். வங்கியில் நம்பர் கேட்டபோது அப்படிச் சொல்ல, அங்கிருந்த பெண் இவர் ஏதோ பெரிய இடம் போல என்று எழுந்து நின்றுவிட்டாள். செல்போன் ஊருக்குள் வந்த புதிதில் வாங்கியது. இதே பாளையங்கோட்டையில், இதே பஜாரில், இப்போது செருப்புக் கடையாக இருக்கிற இடத்தில். கடைக்காரர் ஒரு தாளில் நம்பர்களை எழுதி நீட்டினார், பிடித்ததை எடுத்துக்கங்க சார் என்று. இவர் பேனாவை எடுத்து அடிக்க ஆரம்பித்தார். இரட்டையில் முடிவதெல்லாம் போனது. ஐந்தில் முடிவது போனது. இலக்கங்களைக் கூட்டி மூன்றால் வகுபடுவதெல்லாம் போனது. ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழித்துப் பதினொன்றை விரட்டினார். ஏழுக்கும் பதிமூன்றுக்கும் கொஞ்சம் நேரமானது. கடைக்காரர் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சார் ஜோசியரா, என்று கேட்டார். அதவிட மோசம், கணக்கு வாத்தியார், என்றார் இவர். கடைசியில் மிஞ்சியது இதுதான். பகா எண்ணாக இருக்கும்னு தோணுது உலகு, என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். தோணுது என்பது கணிதத்தில் இல்லாத வினைச்சொல் என்றேன் நான்.

இப்போது முன்னால் கவுண்டரில் ஒரு அண்ணாச்சி நிற்கிறார், புதிதாக எண்ணெய்க் கடை திறக்கப்போகிறாராம், கூட்டு ஒன்பது வருகிற நம்பர்தான் வேண்டும் என்கிறார். கவுண்டரில் இருக்கிற பெண் சட்டையில் ஷீபா என்று வில்லை குத்தியிருக்கிறாள். "எட்டு வந்திச்சுன்னா கடை போண்டிம்மா," என்கிறார் அவர். "சிஸ்டம் காட்டுறதத்தான் அண்ணாச்சி நான் காட்ட முடியும்," என்கிறாள் ஷீபா. கூட்டு ஒன்பது வந்தால் அந்த எண் ஒன்பதால் வகுபடும். அதாவது அதிர்ஷ்டத்துக்கென்று கூடுதல் பணம் கட்டி இந்த ஊரில் எல்லோரும் வாங்கிச் செல்வது பகு எண்களைத்தான், தேடித் தேடி. அவர் இருந்திருந்தால் என் காதில் இதைச் சொல்லியிருப்பார், சொல்லிவிட்டு அந்த அண்ணாச்சியிடம் போய் நல்ல நம்பர் சார், பாக்கியசாலி சார் என்றும் சொல்லியிருப்பார். அந்த மனிதருக்கு உண்மை மேல் பக்தி உண்டு, ஆனால் பக்தி இருக்கிறவர்கள் எல்லோரும் தினமும் கோயிலுக்குப் போவதில்லை. இதை எப்போதோ நானே நினைத்துவைத்திருக்கிறேன் போலிருக்கிறது, தயாராக வந்து விழுகிறது. எழுபத்தெட்டு. நடுவில் இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள்.

பகா எண்தானா என்பதைக் கணினியில் போட்டால் கண் இமைப்பதற்குள் தெரிந்துவிடும். தெரிஞ்சு என்ன செய்ய, என்பார். அவருடைய ஏற்பாடு வேறு. ஒரு நாளைக்கு ஒரு பகா எண். காலையில் காப்பியோடு தினசரி காலண்டரில் நேற்றைய தாளைக் கிழிப்பது, அதன் முதுகில் எண்ணை எழுதி அன்றைய பகா எண்ணால் வகுப்பது, மீதியைச் சொல்வது, தாளைக் கசக்கிப் போடுவது. ஒரு நாள் அவர் முறை, மறுநாள் என் முறை, காய்ச்சல் வந்தால் மாற்றிக்கொள்வோம். பத்து இலக்க எண்ணுக்கு வர்க்கமூலம் வரை பார்த்தால் போதும், லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் ஒன்பதாயிரத்துக்கு மேல் பகா எண்கள் இருக்கின்றன. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகும் என்று முதல் நாளே கணக்குப் போட்டுச் சொன்னார், ஏதோ எல்.ஐ.சி. பாலிசி எடுத்த திருப்தியோடு. ஏதாவது ஒரு நாள் மீதி பூஜ்யம் வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது, எண் பகுபட்டுவிட்டது, மறுநாள் தாளைக் கிழித்துக் குப்பையில் போடவேண்டியதுதான். வராமலே கடைசி வரை போனால் அது பகா எண், நாங்கள் நிரூபித்தவர்கள். உலகத்தில் யாருக்கும் தேவைப்படாத ஒரு தேற்றம். கல்யாண வீடுகளிலும் மண்டபத்து மாடி அறையில் தாளோடு உட்கார்ந்திருக்கிறோம். என் தம்பி ஒரு முறை, அத்தானும் அக்காவும் காலையில என்ன சண்டை போடுதாங்க, மீதி மீதிங்கிறாங்க, சொத்துத் தகராறா, என்று கேட்டானாம்.

இப்படியே எழுபத்து மூவாயிரங்களின் கடைசி வரை வந்துவிட்டோம். அடுத்தது எழுபத்து மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பது. அதற்காக அவர் ரொம்ப நாளாகக் காத்திருந்தார். வாலை வெட்டிக்கொண்டே போனாலும் சாகாத எண் அது. கடைசி இலக்கத்தை எடுத்தால் ஏழாயிரத்து முன்னூற்றுத் தொண்ணூற்று மூன்று, பகா எண். இன்னொன்றை எடுத்தால் எழுநூற்று முப்பத்தொன்பது, பகா எண். எழுபத்து மூன்று. ஏழு. என் முறையில வரணும்னு வேண்டிக்கிட்டேன், வந்திருச்சு பாத்தியா, என்று முந்தின நாள் என் மீதியைக் கேட்டுவிட்டுச் சொன்னார். அன்று மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழவில்லை. மறுநாள் காலை யாரோ ஒருவர் எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள், ஆறிப்போயிருந்தது. அதிலிருந்து அந்த எண் அவர் முறையில் நிற்கிறது. நான் தினமும் தாளைக் கிழிக்கத்தான் செய்கிறேன். முதுகுப் பக்கம் வெள்ளையாக இருக்கிறது, அப்படியே மடித்து வைக்கிறேன். அவர் முறையில் நான் எப்படிப் போடுவது. பேரை மாற்றி எண்ணை வைத்துக்கொண்டால் போடலாமா. எண் போன பிறகு போட்டால் அது யாருடைய எண். எண்ணெய்க் கடைக்காரருடைய எண்ணை நான் ஏன் வகுக்கவேண்டும். இப்படி ஓர் இடத்தில் போய் நிற்கும் யோசனை, பிறகு வாளியில் சொட்டும் நீரைக் கேட்கும். எண்பது.

எதிர்ச் சுவரில் ஒரு விளம்பரம். பல் தெரியச் சிரிக்கிற ஒரு பெண், கையில் போன், மேலே பெரிதாக 13,999. கடைக்காரர்களுக்குத் தொண்ணூற்றொன்பதின் மேல் அப்படி என்ன பிரியம். ஒரு ரூபாயை ஒளித்துவைத்துவிட்டு மொத்தத்தையும் வாங்கிக்கொள்கிற வித்தை. பதிமூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது, இதை எனக்குத் தெரியும். எங்கேயோ பார்த்த முகம் என்று பஸ்ஸில் ஒருவரைப் பார்த்து யோசிப்போமே. இது பகா எண், இதற்கு முன்னால் இரண்டு குறைவாக ஓர் அண்ணன் உண்டு, இரட்டைப் பகா எண்கள். அண்ணனை நான் வகுத்தேன், தம்பியை அவர் வகுத்தார். ஆமாம். அந்த நாள்தான். மீதி ஒன்று வந்த நாள். இரண்டு, மூன்று போன்ற பொடி எண்களை விட்டால், இத்தனை வருஷத்தில் மீதி ஒன்று வந்தது அந்த ஒரு தடவைதான், அதனால்தான் ஞாபகம் இருக்கிறது; மற்ற மீதிகளெல்லாம், நாலாயிரத்து எழுபது, பதினோராயிரத்து இருநூறு, எல்லாம் தண்ணீரில் போன மாவு. ஒன்று மட்டும் நிற்கிறது. பூஜ்யத்துக்கு ஒன்று தள்ளி, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போன விதி.

அது ஐதராபாத் வருஷம். அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் மூன்று வருஷம் இருந்து வேலை செய்ய என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஐம்பது தாண்டிய கல்லூரி ஆசிரியைக்கு அப்படி ஓர் அழைப்பு வருவது லாட்டரி இல்லை, லாட்டரி பலருக்கு விழுகிறது. அவரிடம் சொன்னேன். அவர் தட்டைப் பார்த்தபடி, உன் இஷ்டம், என்றார். இரண்டே சொல். ஒன்றுகூடத் தவறாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. போகாதே என்றால் சண்டை போட்டிருப்பேன், போ என்றால் போயிருப்பேன். அன்றோடு பேச்சு நின்றது. நான் பேசவில்லை, அவரும் பேசவில்லை, மாதக்கணக்கில். வடிவு விடுதியில் இருந்தாள், வீட்டில் குழம்பு கொதிக்கிற சத்தம் கூடத்துக்குக் கேட்கும். ஆனால் வகுத்தல் நிற்கவில்லை. காலையில் தாளை எடுப்போம், போடுவோம், மீதியை மட்டும் வாய்விட்டுச் சொல்வோம். வீட்டில் நாள் முழுவதும் பேசப்பட்ட ஒரே சொல் ஓர் எண், நாலைந்து இலக்கம். கட்டிலுக்குக் கீழே என் பெட்டி பாதி அடுக்கியபடி இருந்தது. ரயிலுக்கும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அப்போதுதான் ஒரு காலை அவர் வகுத்துக்கொண்டிருந்தார், வழக்கத்தைவிட நேரம் எடுத்தார், நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மீதி ஒண்ணு," என்றார். எனக்குத் திரும்பாமல் இருக்க முடியவில்லை. ஒண்ணா, இங்க குடுங்க பாப்போம், என்றேன். அவர் தாளை நீட்டக் கையைத் தூக்கியபோது டம்ளர் சாய்ந்தது, காப்பி முழுதும் தாளின் மேல். மை கரைந்து ஓடியது. மேசை விரிப்பெல்லாம் காப்பி. பாத்து வைக்கக் கூடாதா, என்று நான் கத்தினேன், அவர் கைக்குக் கிடைத்த துணியை எடுத்தார், அது பாத்திரத் துணி, வைங்க கீழ, என்று அதற்கும் கத்தினேன், பிறகு அவர் வேட்டியில் பட்டதற்கு, பிறகு அது கறை போகாது என்பதற்கு. கத்தி முடித்தபோது பேசிக்கொண்டிருந்தோம். இட்லிக்கு என்ன என்று அவர் கேட்டார், நான் சொன்னேன். ரயில் அடுத்த வாரம் போனது, நான் இல்லாமல். ஏன் போகவில்லை என்று கேட்டவர்களிடம் முழங்கால் என்று சொன்னேன். முழங்காலுக்கும் எண்கோட்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை.

எண்பத்து நான்கு. வேறு வேலை இல்லை. பதிமூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதால் வகுப்பது சுலபம், பதினாலாயிரம் என்று வைத்துக்கொண்டு, ஈவில் எத்தனை வருகிறதோ அத்தனையைத் திரும்பச் சேர்த்துக்கொண்டே போகலாம், மனத்திலேயே முடியும். முதலில் வால் பக்கம். பதினாலாயிரத்தால் எதைப் பெருக்கினாலும் கடைசி மூன்று இலக்கம் பூஜ்யம், அதிலிருந்து ஈவு ஒரு தடவை கழியும். எண் முன்னூற்று ஒன்பதில் முடிகிறது, மீதி ஒன்றை எடுத்துவிட்டால் முன்னூற்று எட்டு, எனவே ஈவு அறுநூற்றுத் தொண்ணூற்றிரண்டில் முடியவேண்டும். இது சும்மா ஒரு அழகுக்கு. இனி இடது பக்கத்திலிருந்து. கண்ணை மூடிக்கொண்டேன், இலக்கங்கள் ஒவ்வொன்றாக இறங்கின, ஈவில் ஆறு இலக்கம், கடைசி மூன்று வந்தன: ஆறு, ஒன்பது, ஒன்று. அறுநூற்றுத் தொண்ணூற்றொன்று. எங்கேயோ நழுவவிட்டேன். வயசாகிறது. மறுபடி போட்டேன். இடது பக்கத்திலிருந்து வந்தவன் ஒரு வீட்டுக்குப் போகிறான், வலது பக்கத்திலிருந்து வந்தவன் அடுத்த வீட்டுக்குப் போகிறான். பக்கத்தில் இருந்த அம்மாள், டோக்கன் எத்தனை, என்று கேட்டார், தொண்ணூற்றொன்று, ஏழு பதிமூன்று, என்றேன், அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். மூன்றாவது தடவை மெதுவாக, குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல ஒவ்வோர் இலக்கமாக. அறுநூற்றுத் தொண்ணூற்றொன்று. மீதி இல்லை. ஒன்பதை நீக்கிச் சரிபார்க்கிற பள்ளிக்கூட வழியிலும் பார்த்தேன், ஒத்துப்போகிறது. மீதி ஒன்று இல்லை, ஒன்றுமே இல்லை, பூஜ்யம்.

அவர் வகுத்தலில் தப்பு விடமாட்டார். முப்பத்தைந்து வருஷத்தில் விடைத்தாள்களில் மதிப்பெண் கூட்டியதில் ஒரு பிழை இல்லை என்று அலுவலகத்தில் கதையாகச் சொல்வார்கள். அப்படியானால் அந்தக் காலையில் அவர் பூஜ்யத்தைப் பார்த்தார். தாளில் பூஜ்யம் எழுதினார், அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அதுதான் நேரம் எடுத்தது. பிறகு ஒன்று என்றார். காப்பியைச் சாய்த்தார். அந்த மனிதர் அதற்கு முன்னும் பின்னும் ஒரு சொட்டுக் காப்பியைக் கீழே விட்டதில்லை, நான்தான் விடுவேன். மூவாயிரத்துச் சொச்சம் என்று ஏதாவது சொல்லியிருந்தால் நான் திரும்பியே பார்த்திருக்கமாட்டேன், கேட்டிருக்கமாட்டேன், இன்று ஞாபகமும் இருந்திருக்காது. பொய் சொல்வதிலும் சிக்கனம், இருப்பதிலேயே சிறிய பொய். அல்லது உண்மைக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் நின்றாரா. இல்லை, யோசிக்க நேரமில்லாமல் வாயில் வந்த முதல் எண்ணா. முதல் எண்ணே ஒன்றுதான். இதைக் கேட்க முடியாது. கேட்க முடியாது என்பது இப்போதுதான், இந்த நாற்காலியில்தான், அறுவைக்குப் பிறகு மரப்பு விடுகிற இடம்போல மெல்லக் கூசுகிறது, பிறகு திரும்பவும் மரத்துப்போகிறது.

விளைவுகளைப் பார்ப்போம். முதலாவது, ஈவு, அந்த ஆறிலக்க எண், அது நிச்சயம் பகா எண். அதன் வர்க்கமூலம் எண்ணூற்றுச் சொச்சம், அது வரைக்குமான எல்லாவற்றையும் அதற்கு முன்பே நாங்கள் பார்த்துக் கழித்தாகிவிட்டது, நிரூபணம் தனியாக வேண்டாம். ஆக எங்கள் எண் இரண்டே பகா எண்களின் பெருக்கம், வேறு யாருக்கும் அதில் பங்கில்லை. இரண்டாவது, அன்றிலிருந்து லட்சம் வரை எந்தப் பகா எண்ணால் வகுத்தாலும் பூஜ்யம் வராது, வர வழியே இல்லை. இது அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நான் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஒன்றுவிட்டு ஒரு நாள், இன்றைக்கு வந்துவிடுமோ என்று பயந்துகொண்டே வகுத்தேன், அவர் எதிரே உட்கார்ந்து, என்ன வந்திச்சு, என்று என் மீதியை ஆவலாகக் கேட்டார். தன் முறையில் தானும் வகுத்தார், ஒரு நாள் விடாமல், விடை தெரிந்த கணக்கை. கடைசி வரை இருந்திருந்தால் என்ன செய்திருப்பார். எழுந்து நின்று பகா எண் என்று அறிவித்திருப்பாரா, பொய்த் தேற்றத்தை, என் பக்கத்தில் நின்று, என் பெயரையும் சேர்த்து. கணிதத்துறைத் தலைவராக ஓய்வுபெற்ற மனிதர். மூன்றாவது விளைவு. மூன்றாவது ஐதராபாத். அந்தக் காலை பூஜ்யம் என்று சொல்லியிருந்தால் மறுநாளைக்கு எங்களுக்குள் பேச ஓர் எண் இருந்திருக்காது, நான் பெட்டியை மூடியிருப்பேன். மூன்று வருஷம் ஒரு நல்ல நூலகத்தில் உட்கார்ந்திருப்பேன். எதையாவது நிரூபித்திருப்பேன், அல்லது நிரூபித்திருக்கமாட்டேன். திரும்பி வந்திருப்பேன், அல்லது வந்திருக்கமாட்டேன். என்னை ஏமாற்றிவிட்டாரா. ஆமாம். போகாதே என்று சொல்லத் தெரியாத ஆள் மீதி ஒன்று என்று சொல்லிவிட்டார். இந்த இரண்டும் ஒன்றா என்று பார்க்கிறேன், ஒரு சமயம் சமன்பாடு மாதிரி இருக்கிறது, ஒரு சமயம் திருட்டு மாதிரி இருக்கிறது, கோபம் வரவேண்டிய இடத்தில் நின்று காத்திருக்கிறேன், வரவில்லை. வருவது பாத்திரத் துணி. அந்தத் துணியின் நீலக் கட்டம்.

"தொண்ணூத்தொண்ணு," என்று ஷீபா கூப்பிட்டாள், திரை பழுதாகி எண்பத்தெட்டிலேயே நின்றுவிட்டிருந்தது. எழுந்து போனேன். எண்ணெய்க் கடை அண்ணாச்சி போயிருந்தார், ஒன்பது கிடைத்ததோ என்னவோ. இறப்புச் சான்றிதழ், என் ஆதார், அவருடைய ஆதார் எல்லாவற்றையும் வைத்தேன். ஷீபா அவருடைய பெயரைத் தட்டினாள், ஆவுடையப்பன், ஒரு எழுத்தை விட்டுவிட்டு மறுபடி தட்டினாள். சரண்டரா அம்மா, பேர் மாத்தணுமா, என்றாள். வீட்டிலிருந்து கிளம்பும்போது எனக்கு இதற்குப் பதில் தெரியாது. பஸ்ஸில் தெரியாது. இப்போதும் தெரிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். இந்த எண்ணில் இனிக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை, அதை விட்டுவிடலாம், யாரோ ஒருவர் அதில் எண்ணெய் விற்கட்டும். அல்லது இது இரண்டு பேருக்கு மேல் வகுபடாத எண், மூன்றாவது ஆளிடம் கொடுப்பது முறையில்லை. இரண்டு வாதமும் சரியாக இருந்தன, அதனால் உபயோகமில்லை. அந்தப் பெண் மரியாதைக்குக் கொஞ்சம் பொறுத்துவிட்டு, சரண்டர்னா இதுல ஒரு கையெழுத்துப் போதும்மா, என்று ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினாள். என் கை அதைத் திரும்ப அவள் பக்கம் நகர்த்தியது. கைதான்.

பெயர் மாற்றத்துக்கு ஓ.டி.பி. வரும் என்றாள். கைப்பைக்குள் அவருடைய போன் உறுமியது. எடுத்துப் படித்தேன், ஆறு இலக்கம், கடைசி இலக்கம் நாலு. இரட்டை எண். நல்லவேளை, அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை. அவள் தட்டிக்கொண்டே, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேச்சுக்குக் கேட்டாள்.

"என்னம்மா இந்த நம்பர்ல விசேஷம்? பேன்சி நம்பரும் இல்ல."

"பகா எண்," என்றேன்.

"அப்படின்னா?"

"எதால வகுத்தாலும் மீதி வரும்."

"எல்லாத்தாலயும் வகுத்துப் பாத்தீங்களா?" என்று சிரித்தாள். எதிர்ச் சுவரில் அந்த விளம்பரக்காரியும் பதிமூவாயிரத்துச் சொச்சத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன், பிறகு ஷீபாவைப் பார்த்தேன்.

"பாத்துக்கிட்டு இருக்கோம்," என்றேன்.

சிஸ்டம் சுத்துது, கொஞ்சம் உக்காருங்க, கையெழுத்துக்குக் கூப்பிடுதேன், என்றாள். பேனாவை வாங்கிக்கொண்டு வந்தேன். பிணைத்த நாற்காலி ஆடியது. அந்த அம்மாள் இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார், எனக்கு எழுத இடம் கிடைத்தது. டோக்கன் சீட்டைத் திருப்பினேன், முதுகு வெள்ளையாக இருந்தது. காலண்டர் தாளைவிடச் சிறியது, எழுத்தைக் குறுக்கிக்கொள்ள வேண்டும். பத்து இலக்கத்தையும் எழுதினேன். பக்கத்தில் வளைகோடு இழுத்து எழுபத்து மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதை வைத்தேன். அவர் முறை. பூஜ்யம் வராது. எவ்வளவு வரும் என்பது போட்டால்தான் தெரியும். முதல் ஐந்து இலக்கத்தை எடுத்துக்கொண்டு பார்த்தேன். ஒரு தரம் போகும். ஒன்று போட்டேன்.